லாரன் டேகலின் முதல் ஆல்பம் 'ஹவ் கேன் இட் பி': வந்தபோதே பேசப்பட்டதா, பிறகு பெயர் வாங்கியதா?

பாளை_ஆல்டோ கேட்கிறார்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறேன். 'யூ சே' பாட்டு மூலமாகத்தான் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகி லாரன் டேகலை எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய பாட்டுகளைத் தேடிப் போனதில் 2015-ல் வந்த முதல் ஆல்பம் கிடைத்தது. இப்போது அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, அந்த ஆல்பம் வந்த சமயத்திலேயே நல்ல பெயர் வாங்கியதா, இல்லை 'யூ சே' ஓடிய பிறகு ஜனங்கள் பின்னால் போய்க் கேட்டார்களா? அப்போது அமெரிக்காவில் இருந்து கேட்டவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

இரண்டாவது, எங்கள் கொயர் மாஸ்டர் "இதெல்லாம் ரேடியோவுக்குச் செய்த பாட்டு, சபை கூடிப் பாட ஆகாது" என்கிறார். அவர் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. வாலிபர் ஞாயிறுக்கு இந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு எடுக்கலாம் என்று ஆசை. எது எடுக்கலாம்?

மிசிசிப்பிக்கரை பதில்:

தங்கச்சி, வந்தபோதே பேசப்பட்ட ஆல்பம்தான். 'யூ சே' வந்தது 2018-ல், 'லுக் அப் சைல்ட்' ஆல்பம் சமயத்தில். அதற்குள் முதல் ஆல்பம் விருதுகள் எல்லாம் வாங்கி முடித்திருந்தது.

நான் இருப்பது பேட்டன் ரூஜ், லூசியானா. ஊர் மார்த்தாண்டம் பக்கம். இங்கே எங்கள் சபையில் ஆராதனைக் குழுவில் பாடுகிறேன், உன்னைப் போலவே ஆல்டோ. அதனால் இந்த ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லாரன் டேகல் எங்களுக்குப் பக்கத்து ஊர்ப் பெண். லேக் சார்ல்ஸில் பிறந்து லஃபயெட்டில் வளர்ந்தவர். இங்கிருந்து லஃபயெட் போக வேண்டுமானால் ஐ-10 சாலையில் அட்சஃபலாயா சதுப்பு நிலத்தைத் தாண்ட வேண்டும், ஏறக்குறைய 29 கிலோமீட்டர் பாலத்தின் மேலேயே போகும் ரோடு. அந்தப் பக்கத்து மண்ணின் இசையான கேஜன் பாட்டும் ஸைடிகோவும் கேட்காத வீடு குறைவு. பெண் எந்நேரமும் பாடிக்கொண்டே இருந்ததால் அவருடைய அம்மா தங்கள் வீட்டையே 'மியூசிக் பாக்ஸ்' என்பாராம். பதின்வயதில் ஒரு வைரஸ் தொற்று வந்து, ஏறக்குறைய இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். பாட்டு வகுப்புக்குப் போகத் தொடங்கியதே அந்தக் காலத்தில்தான். பிறகு எங்கள் ஊர் எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்தில் படித்தார். 2010-லும் 2012-லும் 'அமெரிக்கன் ஐடல்' டிவி பாட்டுப் போட்டிக்குப் போய்ப் பார்த்தார், கிடைக்கவில்லை.

2014-ல் சென்ட்ரிசிட்டி மியூசிக் கம்பெனி அவர் பாடிய சில பாட்டுகளைச் சின்னத் தொகுப்பாக வெளியிட்டது. அதன் தலைப்புப் பாட்டு 'ஹவ் கேன் இட் பி'. முழு ஆல்பமும் அதே பெயரில் 2015 ஏப்ரல் 14-ல் வந்து பில்போர்டின் கிறிஸ்தவ ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த வருஷ டவ் விருதுகளில் (அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்கான விருது) 'ஆண்டின் புதிய கலைஞர்', 'ஆண்டின் சிறந்த பாடல்' இரண்டும் அவருக்கு. மறுவருஷம் 'ஆண்டின் கலைஞர்'. 'ஃபர்ஸ்ட்', 'டிரஸ்ட் இன் யூ', 'ஓ லார்ட்' மூன்றும் கிறிஸ்தவ ரேடியோ பட்டியலில் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடம் போயின. ஆல்பம் வந்து வெகுநாள் கழித்தும் ரேடியோக்காரர்கள் அதிலிருந்து அடுத்த பாட்டு, அடுத்த பாட்டு என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிற்பாடு பிளாட்டினம் சான்றும் கிடைத்தது. பிளாட்டினம் என்றால் அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிக் கணக்கு. 2016-லிருந்து ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, 1,500 முறை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். அதனால் பழைய நாள் பிளாட்டினத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒரு ஆராதனைப் பாடகியின் முதல் ஆல்பத்துக்கு அது பெரிய காரியம்.

இதெல்லாம் தேடினால் உனக்கே கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

2016 கிராமியில் 'சிறந்த சமகாலக் கிறிஸ்தவ ஆல்பம்' பிரிவின் பட்டியலை எடுத்துப் பார். ஐந்து பேர். டோபிமேக், கிறிஸ் டாம்லின், மேட் மாஹர், ஜேசன் கிராப், லாரன் டேகல். ஐந்தில் ஒரே பெண். விருது டோபிமேக்குக்குப் போனது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஐந்து பெயரைப் பார்த்தால் அப்போது கிறிஸ்தவ ரேடியோ எப்படி ஒலித்தது என்று புரியும். காரில் காலையில் போட்டால் ஆண்குரல், ஆண்குரல், ஆண்குரல். எல்லாம் உயர்ந்த டெனர், அதாவது ஆண்களில் மேல்ஸ்தாயிக் குரல். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அதே பாட்டு, அதே ஸ்கேல். சொப்ரானோ, அதாவது பெண்களில் உயர்ந்த குரல், பாடுகிறவர்கள் ஒரு ஸ்தாயி மேலே ஏறிப் பாடிவிடுவார்கள். நம்மைப் போன்ற ஆல்டோ என்ன செய்வது? கீழே பாடினால் ஆண்களோடு கலந்து குரல் காணாமல் போகும், மேலே பாடினால் தொண்டை கிழியும். பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பெண்கள் எத்தனை பேர் என்று மேடையில் நின்று பார்த்தவளுக்குத் தெரியும்.

அதற்கு முன்னே பெண்கள் பாடவில்லை என்று சொல்லமாட்டேன். டார்லின் செக் பாடியிருக்கிறார், காரி ஜோப் பாடியிருக்கிறார், 2013-ல் வந்த 'ஓஷன்ஸ்' எல்லாச் சபையிலும் ஓடியது. அதைப் பாடிய டாயா ஸ்மித்தின் குரல் மேகம்போல மேலே மிதக்கிற குரல். டேகலின் குரல் அதற்கு நேர் எதிர். அடித்தொண்டையிலிருந்து, கொஞ்சம் கரகரப்போடு, பேசுகிற மாதிரி ஆரம்பிக்கும். தலைப்புப் பாட்டின் முதல் வரிகளைக் கேள். பியானோ மட்டும்தான், குரல் கீழே, ரொம்பக் கீழே. குற்றம் செய்துவிட்டு வெட்கப்பட்டு நிற்கிற ஒருத்தி பேசுவதாக அமைந்த பாட்டு அது. அப்படி நிற்கிறவள் உச்சஸ்தாயியில் பேசமாட்டாள். பல்லவியில், தனக்காக ஒருவர் வழக்காடுகிறார் என்று தெரிந்த பிறகுதான் குரல் திறக்கிறது. 'பரிந்து பேசுகிறவர்' என்று யோவானின் முதல் நிருபத்தில் இருக்கிறதே, அந்தப் பாட்டு முழுக்க அதுதான்.

அது ரேடியோவில் வரத் தொடங்கிய புதிதில் எங்கள் குழுவில் ஒரு அக்கா, ஐம்பது வயதுக்கு மேல், எப்போதும் பின்வரிசையில் ஹார்மனி மட்டும் பாடுகிறவர், பயிற்சி முடிந்து எல்லோரும் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது தனியாக அதைப் பாடினார். மெலடியை. கீபோர்டு வாசிக்கிற பையன் அவர் எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டான். அடுத்த மாதம் அவர்தான் சபைக்கு முன் நின்று அந்தப் பாட்டை நடத்தினார். இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பு எது என்று கேட்டால் நான் டவ் விருதைச் சொல்லமாட்டேன், இதைச் சொல்வேன். இங்கே பல சபைகளில் தாழ்ந்த குரல் பெண்கள் மைக்கைக் கையில் எடுக்க இந்த ஆல்பம் ஒரு காரணம்.

பாட்டுகளைப் பற்றி: 'டிரஸ்ட் இன் யூ'-தான் ஆல்பத்தின் முதுகெலும்பு. மலை நகராவிட்டாலும், தண்ணீர் பிளக்காவிட்டாலும் உம்மை நம்புவேன் என்கிற பாட்டு. ஜெபித்தேன், கிடைத்தது என்று சாட்சி சொல்லும் பாட்டு ஆயிரம் இருக்கிறது. ஜெபித்தும் கிடைக்காதவன் என்ன பாடுவான்? தானியேல் புத்தகத்தில் அந்த மூன்று வாலிபர் ராஜாவிடம் 'விடுவிக்காமற்போனாலும்' என்று சொன்ன இடத்தில் இந்தப் பாட்டு நிற்கிறது. வீட்டில் இரண்டு வருஷம் நோயோடு கிடந்த பெண் பாடும்போது அந்த வார்த்தைகளுக்கு ஒரு கனம் வருகிறது.

'கம் அலைவ்' எசேக்கியேல் 37, உலர்ந்த எலும்புகள். வீட்டை விட்டுப் போன இளைய குமாரர்கள் நடந்த சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் ஜெபம் என்று சொல்லலாம். பிள்ளை சபையை விட்டுப் போய்விட்ட தாய்மார் எங்கள் ஜெபக் கூட்டத்தில் இருக்கிறார்கள். இந்தப் பாட்டு வந்தால் எழுந்து நிற்பார்கள். யாரும் நிற்கச் சொல்வதில்லை.

மற்றவற்றில் 'ஃபர்ஸ்ட்' நல்ல பாட்டு, காலை ஜெபத்துக்கு ஏற்றது. 'ஹியர்ஸ் மை ஹார்ட்' அவருக்கு முன்னே கிரவுடர் என்ற பாடகர் பாடியது, எனக்கு அந்தப் பழைய வடிவமே பிடிக்கும். நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் ஒரே வார்ப்பு, டிரம்ஸ் எங்கே ஏறும் என்று முதல் தடவை கேட்கும்போதே சொல்லிவிடலாம்.

வாலிபர் ஞாயிறுக்கு என் ஓட்டு 'கம் அலைவ்'.

பாமாலைப்_பிரியன் பதில்:

மகளே, உங்கள் கொயர் மாஸ்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் வயதானவன், ஆர்கன் வாசித்தவன், மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

தலைப்புப் பாட்டின் அந்தக் கேள்வி புதிதல்ல. 1738-ல் ஆங்கிலப் பாமாலை ஆசிரியர் சார்ல்ஸ் வெஸ்லி மனந்திரும்பிய சமயத்தில் எழுதிய பாட்டிலேயே அது இருக்கிறது: என் தேவனாகிய நீர் எனக்காக மரிப்பது எப்படி என்ற திகைப்பு. வெஸ்லி அங்கிருந்து கிறிஸ்து பரலோக சிங்காசனத்தை விட்டு இறங்கிய கதையைச் சொல்லி, சிறைக்கதவு திறந்ததைச் சொல்லி, முடிவில் கிரீடத்துக்கு வருகிறார். பாடி முடித்தால் ஒரு முழுப் பிரசங்கம் கேட்ட திருப்தி. இந்தப் புதுப்பாட்டில் உணர்ச்சி இருக்கிறது, சரித்திரம் இல்லை. சிலுவை என்ன, ஏன் என்று தெரியாத ஒருவன் இதைக் கேட்டால் ஆறுதல் அடைவான், ஆனால் எதை விசுவாசிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வானா?

இன்னொன்று, எங்கே பார்த்தாலும் 'நான்', 'என்'. சபை என்பது 'நாங்கள்' அல்லவா? அந்தத் தலைப்புப் பாட்டும் அந்தப் பெண் எழுதியதல்ல. ஜேசன் இங்க்ராம், பால் மாபுரி, ஜெஃப் ஜான்சன் என்று மூன்று ஆண்கள் எழுதியது. அதில் முதல் இருவரே ஆல்பத்தைத் தயாரித்தவர்களும். குரலைக் கேட்டால் இங்கிலாந்துப் பாப் பாடகி அடெலைக் கேட்ட மாதிரி இருக்கிறது என்று அந்த நாளிலேயே பலரும் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. சந்தை ஒரு குரலைத் தேடியது, கிடைத்தது என்று நினைக்கிறேன். பிள்ளையின் பக்தியைக் குறை சொல்லவில்லை.

மிசிசிப்பிக்கரை பதில்:

ஐயா, வெஸ்லி பாட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஈடாக இதை யாரும் வைக்கவில்லை. எங்கள் சபையில் இரண்டையும் ஒரே ஆராதனையில் பாடியிருக்கிறோம். பாவ அறிக்கை நேரத்தில் டேகலின் பாட்டு, திருவிருந்துக்குப் பிறகு வெஸ்லி. ஒன்று வாசலில் நிற்கிறவனின் பாட்டு, மற்றது உள்ளே வந்து பந்தியில் உட்கார்ந்தவனின் பாட்டு. வாசலில் நிற்கிறவனுக்கும் பாட்டு வேண்டும் அல்லவா?

'நான்', 'என்' பற்றி: 51-ஆம் சங்கீதத்தை எடுங்கள். 'எனக்கு இரங்கும், என் மீறுதல்கள் நீங்க என்னைச் சுத்திகரியும்.' முழுக்க 'என்'தான், அதைச் சபையாகத்தான் படிக்கிறோம். பாவ அறிக்கையில் 'நாங்கள்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியும், ஐயா. ஆனால் ஆராதனையின் எல்லாப் பாட்டும் 'என்' ஆகிவிட்டால் உங்கள் பயம் சரிதான். அது இந்த ஒரு ஆல்பத்தின் குறை அல்ல, பாட்டு தேர்ந்தெடுக்கிற எங்கள் கையில் இருக்கிற வேலை.

மூன்று ஆண்கள் எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் பாமாலைப் புத்தகத்தில் நாம் பாடும் பாட்டில் எத்தனையை நாமே எழுதினோம்? எழுதியவர் பெயர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், பாடுகிறவர் வாயில் அது அவருடைய ஜெபமாக மாறும். அதோடு 'டிரஸ்ட் இன் யூ' எழுதியதில் டேகலுக்கும் பங்கு உண்டு, 'கம் அலைவ்' எழுதியதிலும் உண்டு. ஆல்பத்தில் ஆழமான இரண்டு பாட்டும் அவர் கை பட்டவை என்பதைக் கவனியுங்கள்.

அடெல் ஒப்பீட்டில் எனக்குக் கோபமே வரும், மன்னியுங்கள். தாழ்ந்த, கரகரப்பான குரலில் ஒரு பெண் பாடினால் உடனே அந்தப் பெயர். டெனர் குரலில் பாடும் பத்து ஆண்களை ஒருவரை ஒருவர் காப்பியடித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. லஃபயெட் பக்கம் வந்து ஒரு சனிக்கிழமை சந்தையில் பாடுகிற பெண்களைக் கேளுங்கள், அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

சவுண்ட்_டெஸ்க் பதில்:

சண்டைக்கு நான் வரவில்லை, கொயர் மாஸ்டரைச் சம்மதிக்க வைக்க இரண்டு காரியம் மட்டும் சொல்கிறேன்.

ஸ்கேல். டேகல் பாட்டுகளில் முதல் சரணம் அடியில் கிடக்கும், பிரிட்ஜ் (கடைசிப் பல்லவிக்கு முன் வரும் பகுதி) மேலே போகும், இரண்டுக்கும் நடுவே ஒரு ஸ்தாயிக்கு மேலே இடைவெளி. யூடியூபில் இருக்கும் அதே ஸ்கேலில் பாடினால் சரணத்தில் சபை முணுமுணுக்கும். அதற்குப் பயந்து ரொம்ப ஏற்றிவிட்டால் பிரிட்ஜில் கொயர் கத்தும். பிரிட்ஜின் உச்சத்தை முதலில் பாடிப் பார்த்து, ஆல்டோ நெருக்காமல் பாடுகிற இடத்தில் ஸ்கேலை நிறுத்துங்கள். சரணத்தை ஒருவர் தனியாகப் பாடட்டும், பல்லவிக்குச் சபை சேரட்டும். 'ரேடியோ பாட்டு, சபைக்கு ஆகாது' என்று சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த இடைவெளிதான். பிரித்துப் பாடினால் தீர்ந்தது.

வரிகள். திரையில் போடுவதற்கு, சபைகளுக்குப் பாட்டு வரிகளின் உரிமம் தரும் சி.சி.எல்.ஐ. அமைப்பின் உரிமம் இருக்கிறதா என்று ஆபீசில் கேளுங்கள். நேரலை போகிற சபை என்றால் அதற்குத் தனி உரிமம். தமிழில் மொழிபெயர்த்துப் பாட நினைத்தால் பாட்டின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், உரிமத்திலேயே அது அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

பாளை_ஆல்டோ பதில்:

அக்கா, ஐயா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பயிற்சிக்குப் போகும் முன் கொயர் மாஸ்டரிடம் எசேக்கியேல் 37 வாசிப்போடு சேர்த்து 'கம் அலைவ்' பாடலாமா என்று கேட்டேன். வாசிப்பு என்றதும் யோசித்தார். "வேத வாசிப்பு முழுசா நடக்கணும், பாட்டு அதுக்குப் பதில் ஆகக் கூடாது" என்றார். சரி என்றேன். சரணம் நான்தான் பாட வேண்டுமாம்! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐயா சொன்ன மாதிரி முடிவில் ஒரு பாமாலைப் பாட்டும் இருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். சரணத்தின் அடி ஸ்வரம் எனக்கு மூச்சாகத்தான் வருகிறது, குரலாக வரவில்லை. அரை ஸ்வரம் ஏற்றலாமா?

மிசிசிப்பிக்கரை பதில்:

ஏற்றாதே தங்கச்சி, முதலில் மைக்கை வாயருகே கொண்டுவந்து பார். தாழ்ந்த ஸ்வரத்துக்குச் சத்தம் போட்டால் வராது, வார்த்தையைத் தெளிவாக உச்சரித்தால் வரும். வரி முடிவில் மூச்சு தீர்ந்துவிடுகிறதா என்றும் பார். அப்படியானால் வரியின் நடுவே, கமா விழும் இடத்தில் ஒரு மூச்சு எடுத்துக்கொள், யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் அரை ஸ்வரம் ஏற்றிவிட்டு பிரிட்ஜை சொப்ரானோக்களிடம் கொடுத்துவிடு. பாடி முடித்ததும் எந்த ஸ்கேல் நின்றது என்று இங்கே எழுது. எங்கள் குழுவிலும் அந்தப் பாட்டு அடுத்த மாதம் வருகிறது.